படத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கலாமா?



மளிகைக் கடைக்காரருக்குப் பை என்பது செலவு மட்டுமல்ல, விளம்பரமும் கூட. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. அதன்பின் மஞ்சள் பை, கட்டைப்பை, தாம்பூலப்பை என்று நம் கடைகளின் பெயரைச் சுமந்து ஊருக்குள் போகும் பைகள் பெருகிவிட்டன.

ஆனால் பை அடித்துக் கொடுப்பவர்களில் பலர் இப்போது மாதிரிப் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவதில்லை. செல்போனில் ஒரு படம் அனுப்புகிறார்கள். படத்தில் மஞ்சள் பை ஒன்று ஆணியில் தொங்குகிறது. அதில் நம் கடையின் பெயர், பிள்ளையார் படம், போன் நம்பர் எல்லாம் இருக்கின்றன. துணி மடிந்த இடத்தில் எழுத்தும் மடிந்திருக்கிறது. துணி உப்பிய இடத்தில் பிள்ளையாரும் சற்று உப்பியிருக்கிறார். பார்த்தவுடன் "சரி, ஆயிரம் பை அடித்துவிடுங்கள்" என்று சொல்லத்தான் தோன்றும்.

அந்தப் பை இன்னும் உலகத்தில் இல்லை என்பதுதான் விஷயம். துணி வெட்டவில்லை, தைக்கவில்லை, மை பிசையவில்லை. இருப்பது கம்ப்யூட்டரில் இழுத்து வளைத்த ஒரு படம். இதை ஏமாற்று வேலை என்று நாம் சொல்ல வரவில்லை. நல்ல கருவிதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் கைவிடும் என்று தெரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் கொடுப்பதும், அதே மாதிரிப் படத்தை நம் வாடிக்கையாளருக்குக் காட்டி வியாபாரம் செய்வதும் நமக்கு நல்லதல்ல. அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

மடிப்பு எப்படி விழுகிறது?

சுண்ணாம்பு அடித்த மேடுபள்ளமான சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டினால் என்ன ஆகும்? சுவரின் மேடும் பள்ளமும் போஸ்டரில் தெரியும். நடிகரின் மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். கம்ப்யூட்டர் செய்வதும் இதைத்தான். ஒரே வித்தியாசம், கம்ப்யூட்டருக்குச் சுவரைத் தொட்டுப் பார்க்கக் கை இல்லை. சுவரின் புகைப்படத்தில் உள்ள வெளிச்சத்தையும் நிழலையும் வைத்து மேடு எது, பள்ளம் எது என்று அது நடந்துகொள்கிறது.

கம்ப்யூட்டருக்குப் படம் என்பது சிறு புள்ளிகளின் கூட்டம். கருப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்றால் கருப்பு, 255 என்றால் வெள்ளை. டிசைன் போடும் தம்பிகள் முதலில் எழுத்தில்லாத வெறும் பையைப் புகைப்படம் எடுத்து, வண்ணத்தை நீக்கி, லேசாக மங்கலாக்கித் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். இதற்கு 'டிஸ்பிளேஸ்மென்ட் மேப்' என்று பெயர். நகர்த்தும் படம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு நம் கடையின் பெயர் எழுதிய தட்டையான டிசைனை அதனோடு சேர்க்கிறார்கள். போட்டோஷாப் என்ற மென்பொருளில் 'டிஸ்பிளேஸ்' என்று ஒரு வசதி உண்டு. அது நகர்த்தும் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்க்கிறது. 128 என்ற நடுச் சாம்பல் நிறம் இருந்தால், அந்த இடத்தில் டிசைன் அசையாது. அதைவிடக் கருத்திருந்தால் ஒரு பக்கம் நகரும். வெளுத்திருந்தால் எதிர்ப்பக்கம் நகரும். எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். நூறு சதவீதம் வைத்தால் அதிகபட்சம் 128 புள்ளி தூரம் போகும். துணி மடிப்புக்கு அவ்வளவு தேவைப்படாது, சிறு அளவே போதும். கடைசியில் பையின் நிழலை எழுத்தின் மீதும் படர விட்டால், எழுத்து துணியிலேயே அச்சடித்தது போல ஒட்டிக்கொள்ளும்.

இந்த யோசனை பை வியாபாரத்துக்காகப் பிறந்ததல்ல. சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரையப் பிறந்தது. அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் குக் என்பவர் 1984இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இது வருகிறது. தாமஸ் நால், ஜான் நால் என்ற இரு சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தது. காசில்லாமல் கிடைக்கும் கிம்ப் என்ற மென்பொருளிலும் இதே வசதி உண்டு. இன்றைக்குத் தம்பிகள் இவ்வளவு சிரமமும் படுவதில்லை. மடிப்பும் நிழலும் ஏற்கெனவே தயாராக வைத்த 'மாக்கப்' கோப்புகள் கிடைக்கின்றன. நம் டிசைனை அதில் போட்டால் ஒரு நிமிடத்தில் பை தொங்கும். இரண்டு கடைகளின் பைப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே மடிப்பு இருந்தால், இரண்டுமே மாக்கப் என்று புரிந்துகொள்ளலாம்.

இதனால் நமக்கு என்ன லாபம்?

லாபம் உண்டு, மறுப்பதற்கில்லை. அரிசிச் சிப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசைன் மேஜை மேல் தட்டையாகக் கிடக்கும்போது லட்சுமியின் முகம் அழகாக இருக்கும். சிப்பத்தில் அரிசியை நிரப்பி வாய் தைத்து நிமிர்த்தினால், நடுப்பகுதி உப்பி, இரண்டு ஓரமும் பின்னால் வளைந்துவிடும். ஓரத்தில் எழுதியிருந்த ரகத்தின் பெயர் பக்கவாட்டுக்குப் போய், அடுக்கில் அடுத்த சிப்பத்தோடு ஒட்டி மறைந்துவிடும். தட்டையான டிசைனைப் பார்த்துச் 'சரி' சொன்னவருக்கு இது தெரிய வழியில்லை. வளைத்துக் காட்டிய படத்தில் முன்கூட்டியே கொஞ்சம் தெரியும். அந்த வகையில் தட்டையான படத்தைவிட வளைந்த படம் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

முன்பெல்லாம் சிவகாசிக்கு லேபிளுக்கும் காலண்டருக்கும் ஆர்டர் கொடுத்தால், புரூஃப் வந்து நாம் திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இன்று காலையில் கேட்டால் மதியத்துக்குள் நான்கு விதமான டிசைனைப் பையில் தொங்கவிட்டே காட்டிவிடுகிறார்கள். சிவப்பு எழுத்து நன்றாக இருக்குமா, பச்சை எழுத்தா என்று வீட்டில் உள்ளவர்களிடமும் கேட்டு முடிவு செய்யலாம். அலைச்சலும் நேரமும் மிச்சம். எனவே மாக்கப் படமே வேண்டாம் என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

எங்கே கைவிடும்?

முதலாவது, நிழலை மேடுபள்ளம் என்று எடுத்துக்கொள்ளும் கருவி இது. பையின் புகைப்படத்தில் ஒரு மஞ்சள் கறை அல்லது எண்ணெய்க் கறை இருந்தால், அது கருத்துத் தெரிவதால் கம்ப்யூட்டர் அதையும் மடிப்பாக எண்ணி எழுத்தை நகர்த்திவிடும். வெளிச்சம் ஒரே சீராக அடித்த புகைப்படமாக இருந்தால், உண்மையிலேயே இருக்கும் மடிப்பு அதற்குத் தெரியாமலும் போகும். ஆக, படத்தில் காணும் வளைவு துணியை அளந்து வந்ததல்ல.

இரண்டாவது, மாக்கப் படத்துக்குத் துணியின் குணம் தெரியாது. இழை நெருக்கமான காடாத் துணியில் எழுத்து கூர்மையாக விழும், இழை தளர்ந்த துணியில் மை கசிந்து பரவும். சிறிய எழுத்தில் 'ஓ'வும் 'ஒ'வும் ஒன்றாகிப் போகும். மஞ்சள் துணி மேல் விழுந்த நீல மை பச்சை சாயலாகத் தெரியலாம். தையல் எந்த இடத்தில் வரும், அது போன் நம்பரின் கடைசி எண்ணை விழுங்குமா என்பதும் படத்தில் இருக்காது. பை எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்லவே வேண்டாம். படத்தில் உள்ள பையில் ஐந்து கிலோ சர்க்கரையைப் போட்டுப் பார்க்க முடியுமா?

மூன்றாவது, அச்சுக்குப் போக வேண்டியது தட்டையான டிசைன். மடிப்பு விழுந்த படம் காட்டுவதற்கு மட்டுமே. அவசரத்தில் செல்போனுக்கு வந்த மாக்கப் படத்தையே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டால், பொய் மடிப்பும் பொய் நிழலும் சேர்ந்தே அச்சாகும். பிறகு பையை எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அந்த மடிப்பு போகாது.

இழுப்பதிலும் ஓர் அளவு உண்டு

மடிப்பதைப் போலவே இழுப்பதும் இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. அரை கிலோ பாக்கெட்டுக்குப் போட்ட டிசைனையே இழுத்து ஒரு கிலோவுக்குப் போடுகிறார்கள். நீளப் பையின் டிசைனை நெருக்கி அகலப் பையில் திணிக்கிறார்கள். பிளெக்ஸ் பேனரில் ஒருவரின் முகம் பூசணிக்காய் ஆனால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பாக்கெட்டில் அப்படி ஆனால் சிரிக்க முடியாது, சட்டம் குறுக்கே நிற்கிறது.

பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளில், நிகர எடை, விலை போன்றவற்றின் எழுத்தும் எண்ணும் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அத்தோடு, எழுத்தின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்றும் இருக்கிறது. 1 போன்ற இயல்பாகவே ஒல்லியான எண்ணுக்கும் எழுத்துக்கும் மட்டும் விலக்கு. டிசைனை நெட்டுக்கு இழுக்கும்போது முதலில் ஒல்லியாவது இந்த எண்கள்தான். சொந்தப் பெயரில் மசாலாப் பொடி, பருப்பு, அப்பளம் பாக்கெட் போடும் நம்மவர்கள் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிடுவது நல்லது.

சைவ உணவுக்கு இடும் பச்சைக் குறியையும் பாருங்கள். சதுரத்துக்குள் வட்டம் இருக்க வேண்டும். டிசைனை இழுத்தால் சதுரம் செவ்வகமாகி, வட்டம் முட்டை ஆகிவிடும். சைவக் குறியே முட்டையானால் எப்படி?

பார்கோடும் அப்படித்தான். அதில் பட்டைகளின் அகலமும் இடைவெளியும்தான் எண்ணைச் சொல்கின்றன. வழக்கமான 13 இலக்க பார்கோடின் அளவு 37.29 மில்லிமீட்டர் அகலம், 25.93 மில்லிமீட்டர் உயரம். இதை 80 சதவீதம் வரை குறைக்கலாம், 200 சதவீதம் வரை கூட்டலாம். அதற்குமேல் நெருக்கினாலும், பாக்கெட்டின் மடிப்பிலோ ஒட்டும் இடத்திலோ விழவிட்டாலும் இயந்திரம் படிக்க மறுக்கும். பார்கோடு படிக்காத சரக்கைப் பெரிய கடைகள் திருப்பி அனுப்பினால் நஷ்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

நாம் காட்டும் படம்

இதுவரை நம்மிடம் காட்டப்படும் படத்தைப் பேசினோம். நாம் காட்டும் படத்தையும் பேசியாக வேண்டும். இப்போது சிறு மளிகைக் கடைக்காரரும் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியலோடு படம் அனுப்புகிறார். அந்தப் படங்கள் பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்தவை. கடையில் உள்ள துவரம்பருப்பு ஒரு ரகம், படத்தில் மின்னும் பருப்பு வேறு ரகம். இன்னும் சிலர் இல்லாத பாக்கெட்டை மாக்கப் போட்டு, அதில் தம் கடைப் பெயரையும் சுற்றிவிடுகிறார்கள்.

படத்தை நம் வசதிக்கு நகர்த்தும் ஆசை போட்டோஷாப்புக்கும் முந்தியது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பத்திரிகை, எகிப்தின் பிரமிடுகளை அட்டைப்படமாகப் போட்டது. அகலவாக்கில் எடுத்த புகைப்படம் நெடிய அட்டையில் அடங்கவில்லை என்று, கம்ப்யூட்டர் உதவியால் இரண்டு பிரமிடுகளை நெருக்கிவைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் நின்ற கல்லை அட்டைக்காக நகர்த்தியது பெரிய சர்ச்சை ஆயிற்று.

நம் மளிகைத் தொழிலிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் கேம்பெல் என்ற சூப் நிறுவனத்தின் விளம்பரப் படத்தில், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டிருந்தார்கள். அதனால் காய்கறித் துண்டுகள் அடியில் தங்காமல் மேலே எழும்பி நின்றன. சூப்பில் காய்கறி நிறைய இருப்பது போலத் தோன்றியது. காய்கறி உண்மை, சூப்பும் உண்மை, தோற்றம் மட்டும் பொய். அந்நாட்டின் வர்த்தக ஆணையம் தலையிட்டு, 1970இல் இந்த முறையை நிறுத்த உத்தரவாயிற்று. அன்று கோலிக்குண்டு செய்த வேலையை இன்று ஒரு விரல் செய்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளைப் பற்றித் தவறாகக் காட்டும் விளம்பரத்தை நிறுத்தும்படி வணிகர் உட்பட யாருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். தயாரிப்பாளருக்கும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில், விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லை என்றால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஆன்லைன் தளங்களில் கடை போட்டிருக்கும் நம்மவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. பெரிய ஆன்லைன் நிறுவனங்களிடம் பணம் இருக்கிறது, கிடங்கு இருக்கிறது, தள்ளுபடி இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்று. நம் கடைக்கு வருபவர் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். அரிசியை இரண்டு மணி வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கலாம். கொடைரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பன்னீர் திராட்சை வாங்குபவர், பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்தா வாங்குகிறார்? ஒரு பழத்தைத் தின்று பார்த்துவிட்டுத்தானே விலை கேட்கிறார்? நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் பூவைக் கையில் ஏந்திப் பார்க்காமல் எடை போடச் சொல்வாரா யாராவது? கண்ணால் கண்டு, கையால் தொட்டு வாங்குவது நம் பக்கத்துப் பழக்கம். அதுதான் நம் முதலீடு.

நாமும் இல்லாத சரக்கின் அழகுப் படத்தைக் காட்டி விற்கத் தொடங்கினால், அந்த ஒரே முதலீட்டையும் நாமே கரைத்துவிடுவோம். படம்தான் வியாபாரம் என்றாகிவிட்டால், நம்மைவிட நல்ல படம் போட அவர்களிடம் ஆளும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. அந்தப் பந்தயத்தில் சிறு வணிகர் ஜெயிக்க முடியாது என்பது நமது உறுதியான கருத்து.

செய்ய வேண்டியது என்ன?

"மாதிரிப் பை ஒன்று அடிக்கத் தனியாகச் சட்டம் கட்ட வேண்டும், செலவாகும். இருநூறு பைக்கு இதெல்லாம் கட்டுமா?" என்று பை அடிப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்களும் நம்மைப் போலச் சிறு தொழில் செய்பவர்களே. இதற்கு எளிய வழி இருக்கிறது. டிசைனை அசல் அளவிலேயே சாதாரணக் காகிதத்தில் அச்செடுக்கச் சொல்லுங்கள். சில ரூபாய்தான் ஆகும். அவர்கள் அடிக்கப்போகும் அதே ரகத்து வெறும் பை ஒன்றை வாங்கி, அதில் மூன்று கிலோ சரக்கைப் போட்டு, காகிதத்தை அதன் மேல் குண்டூசியால் குத்திக் கடை வாசலில் தொங்கவிடுங்கள். தெருவின் எதிர்ப்புறம் நின்று பாருங்கள். கடைப் பெயர் படிக்க முடிகிறதா, நம்பர் ஓரத்தில் மறைகிறதா என்பது தெரிந்துவிடும். பையின் காது தாங்குகிறதா என்பதும் கூடவே தெரியும். எந்தக் கம்ப்யூட்டரும் இதைச் சொல்லாது.

பெரிய ஆர்டர் என்றால் முதல் பை அச்சாகி நம் கைக்கு வந்து, நாம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மீதி அடிக்க வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். துணி ரகம், பையின் நீள அகலம், மையின் நிறம், எழுத்தின் உயரம் ஆகியவையும் அந்தத் தாளில் இருக்கட்டும். "படத்தில் உள்ளபடி" என்று எழுதிய பில்லால் பயன் இல்லை. பிரச்சினை வந்தால் இருவரும் ஒரே படத்தைக் காட்டி ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள்.

நாம் அனுப்பும் விலைப்பட்டியலில் நம் கடைச் சரக்கையே படம் எடுத்துப் போடுவோம். பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைக் காகிதத்தில் கைப்பிடி பருப்பைப் பரப்பி எடுத்தால் போதும். அழகு கொஞ்சம் குறையலாம், திரும்பி வரும் சரக்கும் குறையும். கடையில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் குறை சொல்லாமல், டிசைன் போடுவதற்கும் சரக்கைக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சொல்வோம்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களுக்குப் பை, சிப்பம், லேபிள் அடித்துக் கொடுப்பவர்கள் அனுப்பும் மாக்கப் படங்களில் 'மாதிரிப் படம்' என்ற இரண்டு சொற்களைக் கட்டாயம் போட வேண்டும் என்று அவர்களை அழைத்துப் பேச வேண்டும். உறுப்பினர்கள் அனுப்பும் விளம்பரங்களுக்கும் அதே விதி இருக்கட்டும். மே 5 வணிகர் தினத்துக்குப் பை அடிக்கும்போது சங்கமே இதைத் தொடங்கி வைக்கலாம். முதல் பையைச் செயற்குழுவில் கையில் வைத்துப் பார்த்து, சரக்கைப் போட்டுத் தூக்கிப் பார்த்து, அதன்பின் ஆர்டரை உறுதி செய்யட்டும்.

வெளுத்ததெல்லாம் பால் ஆகாது என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். படத்தைப் பார்த்து டிசைனை முடிவு செய்வோம். பையைப் பார்த்துப் பணத்தைக் கொடுப்போம்.